கியர் பெட்டியைத் திறக்கும் முன் கேட்க வேண்டியவை

திருவள்ளூரை அடுத்த அதிகத்தூரில் 1998இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மிட்சுபிஷி லான்சர் கார்களை உருவாக்கத் தொடங்கிய ஆலை, பிரான்சின் பியூஜோ சிட்ரோயன் குழுமமும் சி.கே. பிர்லா குழுமமும் 2017இல் செய்துகொண்ட உடன்பாட்டுக்குப் பின் புது வாழ்வு பெற்று, 2021இல் சிட்ரோயன் சி5 ஏர்கிராஸ் காரை எட்டு வேகத் தானியங்கி கியர் பெட்டியுடன் சந்தைக்கு அனுப்பியது. அதே வட்டாரத்து மேல்நல்லாத்தூரில் கேட்டர்பில்லர் ஆலை உருவாக்கும் பெரும் சுரங்க லாரிகளும், அளவிலும் வலிமையிலும் வேறுபட்டாலும், அடிப்படையில் இதே தத்துவத்தில் இயங்கும் கியர் பெட்டிகளைக் கொண்டவை. இத்தகைய பெட்டியில் எழும் இரைச்சலையும் அதிர்வையும் கொண்டு பழுதின் இடத்தைக் கண்டறிவது தனித்த ஒரு துறையாக வளர்ந்துள்ளது. அதன் அடிப்படையை அறிந்த உரிமையாளர், தேவையற்ற பெருஞ்செலவிலிருந்து தப்ப முடியும்.

தானியங்கி வண்டியில் ஓட்டுநர் மிதிக்கும் கிளட்ச் இல்லை. அதற்கு மாற்றாக, இன்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் என்னும், எண்ணெய் நிரம்பிய மூடிய கூடு அமைந்துள்ளது. இன்ஜினோடு சேர்ந்து சுழலும் இம்பெல்லர் எண்ணெயை வீச, அதன் விசையால் எதிரேயுள்ள டர்பைன் சுழல்கிறது. இடையிலுள்ள ஸ்டேட்டர், திரும்பி வரும் எண்ணெயின் திசையை மாற்றி முறுக்குவிசையைப் பெருக்குகிறது. வண்டி சீரான வேகம் பிடித்ததும் லாக்கப் கிளட்ச் என்னும் உராய்வுத் தட்டு இன்ஜினையும் டர்பைனையும் நேரடியாகப் பூட்டிவிடுகிறது. இதற்கு அப்பால், நடுவே சூரியப் பல்சக்கரமும் அதைச் சுற்றிக் கோள் பல்சக்கரங்களும் வெளியே வளையப் பல்சக்கரமுமாக அமைந்த கோள் பல்லிணைத் தொகுதிகள் வெவ்வேறு வேகங்களைத் தருகின்றன. சிறிய கார்களில் பரவலாக உள்ள ஏ.எம்.டி. வகையில் கன்வெர்ட்டரும் கோள் பல்லிணையும் இல்லாததால், இங்கே கூறப்படும் அடையாளங்கள் அவற்றுக்கு அப்படியே பொருந்தா.

நோயறிதலின் முதற்கேள்வி, ஓசை எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதன்று. அது எதன் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்பதே. சுழலும் ஒவ்வொரு பாகமும் தன் வேகத்துக்கு உரிய அதிர்வெண்ணை, அதாவது ஒரு நொடியில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கையை, உண்டாக்குகிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காரின் சக்கரம், அதன் சுற்றளவு 2 மீட்டர் என்று கொண்டால், நொடிக்கு ஏறத்தாழ 11 முறை சுழல்கிறது. அதே நேரத்தில் 1,800 ஆர்.பி.எம். வேகத்தில் ஓடும் இன்ஜின் நொடிக்கு 30 முறை சுழல்கிறது. ஆகவே கருவியில் பதிவாகும் அதிர்வு 11 ஹெர்ட்ஸை ஒட்டியிருந்தால் சந்தேகம் சக்கரத்தின் மீதும், 30 ஹெர்ட்ஸை ஒட்டியிருந்தால் இன்ஜினோடு சேர்ந்து சுழலும் பாகங்களின் மீதும் விழ வேண்டும்.

கருவி இல்லாதபோதும் இதே தர்க்கம் பயன்படும். நின்ற நிலையில் பார்க், நியூட்ரல் உட்பட எல்லா நிலைகளிலும் கேட்டு, ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க உயரும் ரீங்காரம், இன்ஜின் வேகத்திலேயே சுழலும் எண்ணெய்ப் பம்பையோ, எண்ணெய்க் குறைவையோ, அடைபட்ட வடிகட்டியையோ சுட்டும். நியூட்ரலில் அடங்கி, பிரேக்கை மிதித்தபடி டிரைவிலோ ரிவர்சிலோ போட்டதும் எழும் ஓசை, கன்வெர்ட்டரின் உள் பேரிங்குகளை நோக்கி இட்டுச்செல்லும். நியூட்ரலில் இம்பெல்லரும் டர்பைனும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுழல்வதும், டிரைவில் டர்பைன் நின்றுபோக இம்பெல்லர் மட்டும் சுழல்வதுமே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். குறிப்பிட்ட சில கியர்களில் மட்டும் ஒலித்து, தொகுதி முழுவதும் ஒன்றாகச் சுழலும் நேரடி கியரில் மறைந்துவிடும் ஓசை, கோள் பல்சக்கரங்களின் தேய்மானத்துக்கு அடையாளமாகும்.

ஓட்டுநர்கள் பெரிதும் குழம்பும் இடம் லாக்கப் கிளட்ச் நடுக்கமே. மிதமான வேகத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துச் செல்லும்போது, சுங்கச்சாவடிக்கு முன் சாலையில் இடப்பட்ட வரிமேடுகளின் மீது ஓடுவது போன்ற அதிர்வு ஓரிரு நொடிகள் தோன்றி மறையும். பலர் இதை இன்ஜினின் மிஸ்ஃபயர் என்று கருதி ஸ்பார்க் பிளக்கை மாற்றுகின்றனர். வேகம் குறையாத அளவுக்குப் பிரேக் பெடலை மெல்லத் தொட்டால் பெரும்பாலான வண்டிகளில் லாக்கப் விடுபடும். அக்கணமே நடுக்கமும் நின்றால், பிணி இருக்கும் இடம் பெரும்பாலும் தெளிவாகிவிடும். அதன் காரணமோ பல நேரங்களில் எண்ணெயிலேயே இருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய கொல்கத்தா நெடுஞ்சாலையில் கனரக லாரிகளுக்கு இடையே நின்று நின்று ஊர்ந்து செல்லும்போது கன்வெர்ட்டரில் வழுக்கல் மிகுந்து வெப்பம் ஏறுகிறது; அவ்வெப்பம், உராய்வைச் சீராக வைத்திருக்கும் வேதிச் சேர்மங்களைக் காலப்போக்கில் சிதைக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்தது போன்ற வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளுக்கு மற்றோர் ஆபத்தும் உண்டு: காற்றுத்துளை வழியே நீர் புகுந்தால் எண்ணெய் பால்போல் வெளுத்து, கிளட்ச் தட்டின் காகித வகை உராய்வுப் படலம் நீரை உறிஞ்சி உரியத் தொடங்கும்.

கியர் பெட்டியின் மீது சுமத்தப்படும் எல்லாக் குற்றமும் அதனுடையதன்று. வளைவில் திரும்பும்போது கூடியும் குறைந்தும் ஒலிக்கும் உறுமல் சக்கர பேரிங்கினுடையது. தார்ச்சாலையிலிருந்து கான்கிரீட் சாலைக்கு மாறியதும் தன்மை மாறும் இரைச்சல் டயரினுடையது. சிக்னலில் டிரைவில் நிற்கும்போது மட்டும் அதிர்ந்து, நியூட்ரலில் பெருமளவு தணிந்தால், இன்ஜின் மவுன்டின் ரப்பரைச் சோதிக்க வேண்டும். இன்ஜினையும் கன்வெர்ட்டரையும் இணைக்கும் ஃபிளெக்ஸ் பிளேட் என்னும் மெல்லிய எஃகுத் தட்டு விரிசல் கண்டால், இன்ஜினின் உள்ளிருந்தே வருவதாக மயங்கச் செய்யும் தட்டலோசை எழும்.

ஆகவே முறையான சோதனை, எண்ணெயின் அளவு, நிறம், மணம் ஆகியவற்றில் தொடங்கி, உரிமையாளரை உடன் வைத்துக்கொண்டு அவர் சொல்லும் சூழலிலேயே வண்டியை ஓட்டிப் பார்த்து, இன்ஜின், டர்பைன், வெளியீட்டுத் தண்டு ஆகியவற்றின் வேகங்களை ஸ்கேனரில் ஒப்பிட்டு, இறுதியிலேயே ஸ்பேனரை எடுக்க வேண்டும். வண்டியை நிறுத்தி வைத்து முழு ஆக்சிலரேட்டரையும் மிதிக்கும் ஸ்டால் சோதனை, சில நொடிகளிலேயே எண்ணெயை அளவுக்கு மீறிச் சூடேற்றக்கூடியது என்பதால், தயாரிப்பாளரின் கையேடு அனுமதித்தால் மட்டுமே செய்யத்தக்கது.

பழுதற்ற பெட்டியை இறக்கிப் பிரிப்பதால் பணமும் உழைப்பும் வீணாவதோடு, துல்லியமாகப் பொருத்தப்பட்ட பாகங்களுக்குள் தூசி புகுந்து புதிய பழுதும் உண்டாகலாம். எந்த வேகத்தில், எந்த கியரில், இன்ஜின் சூடேறிய பின்னா முன்னா, ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதா விடும்போதா என்னும் நான்கு விவரங்களைக் குறித்துக்கொண்டு பணிமனைக்குச் செல்லும் உரிமையாளரும், அவற்றைப் பொறுமையாகக் கேட்டபின் வேலையைத் தொடங்கும் மெக்கானிக்கும் சேர்ந்தே சரியான நோயறிதலை இயலச் செய்கின்றனர். வாகனங்களை உருவாக்கும் திறனால் பெயர் பெற்ற திருவள்ளூர் மாவட்டத்தின் தொழிற்பயிற்சி நிலையங்களில், பெட்டியைக் கழற்றிப் பூட்டும் பயிற்சிக்கு நிகராக இந்தச் செவிப்பயிற்சிக்கும் இடம் தரப்பட வேண்டும்.