கீழே போகும் நீர், மேலே ஏறும் கோடு

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில், அழுத்தத்தோடு மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கும் நிலத்தடி நீர் இருக்கிறது. மேல்மண்ணை அகற்றினால் அதை அமுக்கி வைத்திருக்கும் பாரம் குறையும். அப்படியே விட்டால் சுரங்கத்தின் தரை பிளந்து நீர் பொங்கிவிடும். அதனால்தான் நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைப்பதும் கரி எடுப்பதும் இங்கே பிரிக்க முடியாத வேலைகள். சுற்றிலும் உள்ள கண்காணிப்புக் கிணறுகளில் நீர்மட்டத்தை அளந்துகொண்டே இருக்கவும் வேண்டும்.

இப்படி ஓர் அளவீட்டுக் கோப்பு டேட்டா அனலிஸ்ட் ஒருவரின் மேசைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போடுவது பாதி வேலைதான். மீதிப் பாதி, அதை யாரிடம் எப்படிச் சொல்வது என்பது. ஒரே நீர்மட்டத்தைப் பற்றி நான்கு பேர் நான்கு கேள்வி கேட்பார்கள். அடியில் அழுத்தம் போதுமான அளவு குறைந்திருக்கிறதா, எந்தப் பம்பை நிறுத்தலாம் என்பது சுரங்கப் பொறியாளரின் கவலை. நிதிப் பிரிவுக்கு, ஒரு டன் கரிக்கு இறைப்புச் செலவு எவ்வளவு என்று தெரிய வேண்டும். குடிநீர் அதிகாரி கோடைக்கு எவ்வளவு கிடைக்கும் என்று பார்ப்பார். சென்னைக்குக் குடிநீர் தரும் வீராணம் ஏரி வறண்டபோது நெய்வேலிப் பகுதிக் கிணறுகளின் நீர் சென்னைவரை போயிருக்கிறது. பக்கத்து ஊர் விவசாயிக்கோ தன் போர்வெல் ஓடுமா என்பது ஒன்றுதான் கேள்வி. நால்வருக்கும் ஒரே நாற்பது ஸ்லைடைக் காட்டினால் நால்வருமே பதில் கிடைக்காமல் எழுந்து போவார்கள். இதைவைத்து நீங்கள் என்ன முடிவு எடுக்கப் போகிறீர்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் பாதி ஸ்லைடு தேவைப்படாது.

சின்ன விஷயம் ஒன்று பெரிய குழப்பத்தைக் கிளப்பும். நீர்மட்டத்தைத் தரையிலிருந்து எவ்வளவு கீழே என்றுதான் பெரும்பாலும் பதிவுசெய்கிறார்கள். 40 மீட்டர் 46 ஆனால் நீர் இறங்கிவிட்டது என்று அர்த்தம். ஆனால் அதை அப்படியே வரைபடமாக்கினால் கோடு மேலே ஏறும். துறையில் பழகியவர் சட்டென்று புரிந்துகொள்வார். மற்றவர்கள் நீர் கூடுகிறது என்று எண்ணித் தலையாட்டிவிடுவார்கள். அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதுதான் ஆபத்து. பூச்சியத்தை மேலே வைத்து அச்சைத் தலைகீழாக்கினால் தீர்ந்தது. சில கோப்புகளில் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்றும் இருக்கும். இரண்டையும் ஒரே படத்தில் கலக்கவே கூடாது.

அலகும் அப்படித்தான். ஆறு மீட்டர் இறங்கியது என்றால் விவசாயியின் முகத்தில் ஒன்றும் மாறாது. இருபது அடி, அதாவது இன்னும் ஒரு முழு லென்த் பைப் இறக்க வேண்டும் என்றால் உடனே செலவைக் கணக்குப் போடுவார். ஒரு காலத்தில் இந்தப் பக்கத்தில் மோட்டார் இல்லாமலே பொங்கிய போர்கள் உண்டு. பெரியவர்கள் அந்த நினைவை அளவுகோலாக வைத்துப் பேசும்போது, மூன்றாண்டு கோப்பை மட்டும் விரித்து நீர்மட்டம் நிலையாக இருக்கிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? கோப்பு எந்த ஆண்டிலிருந்து தொடங்குகிறது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சராசரியிலும் கவனம் தேவை: சுரங்க விளிம்புக் கிணற்றையும் தொலைவில் உள்ள கிணற்றையும் கூட்டி வகுத்தால் வரும் எண் எந்த ஊருக்கும் பொருந்தாது.

சரியான தகவல் இருந்தும் பேச்சு ஒட்டாமல் போகும் என்பதற்கு 2023 ஜூலையில் நெய்வேலிக்கு அருகே வளையமாதேவியில் நடந்ததைப் பார்க்கலாம். பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக நெய்வேலிச் சுரங்க நிறுவனமான என்.எல்.சி. வயலில் இயந்திரங்களை இறக்கியது. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது, கால்வாய் முடியாவிட்டால் சுரங்கத்துக்கும் மின் உற்பத்திக்கும் சிக்கல் என்பது நிறுவனத்தின் வாதம். விவசாயிகள் பேசியதோ அன்று நின்ற நெற்பயிரைப் பற்றி. ஒருவர் தேதியைச் சொல்ல, மற்றவர் கதிரைக் காட்டினார். கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. இதில் இழப்பீடு, நம்பிக்கை, அரசியல் எல்லாம் உண்டு. வெறும் தகவல்தொடர்புக் கோளாறு என்று சுருக்குவது அநியாயம். ஆனாலும், எந்தப் புலத்தில் பயிர் நிற்கிறது, அறுவடை எப்போது என்று ஒரு பத்தி எந்த அட்டவணைக்கும் தேவை என்பதை இது காட்டுகிறது.

பதில் சொல்லும் வரிசையையும் மாற்றிப் பாருங்கள். நாம் வேலை செய்த வரிசையில், தரவு எங்கே கிடைத்தது, எப்படிச் சுத்தம் செய்தோம் என்று தொடங்குவது வழக்கம். கேட்பவருக்கு முடிவு முதலில் வேண்டும்: இந்த இரண்டு பம்பை நிறுத்தலாம், மூன்றாவதை நிறுத்தக் கூடாது. பிறகு காரணம், அதற்குப் பிறகு எவ்வளவு உறுதி. வடக்குப் பக்கம் இரண்டு கிணற்றில் அளவீடு விட்டுப்போயிருந்தால் அதைக் கடைசிப் பக்க அடிக்குறிப்பில் புதைக்காமல் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். கூட்டம் முடிந்த அன்றே, கேட்ட கேள்வி, எடுத்த முடிவு, எந்தத் தேதிவரையிலான தரவு என்று மூன்று வரி எழுதி எல்லோருக்கும் அனுப்புங்கள். அடுத்த மாதம் ஷிப்ட் பொறுப்பாளர் மாறினாலும் புதியவர் அதிலிருந்து தொடர்வார்.