நிறச் சேலை உடுத்துப் போன நாள்

கல்யாண வீட்டிற்குப் புறப்படும்போது எந்தச் சேலையை உடுப்பது என்று யோசிக்காத பெண் இல்லை. கணவனை இழந்தவளுக்கோ அந்த யோசனை வேறு. அரக்கு நிறத்தை உடுத்தால் "ஆருக்காக இந்தக் கோலம்?" என்பார்கள். வெளிறியதை உடுத்துப் போனால் மணவறைப் பக்கம் வரவேண்டாம் என்று கண்ணால் சொல்வார்கள். அதனால் பலர் போகாமலே விட்டுவிடுகிறார்கள்.

யுத்தத்தால் வடக்குக் கிழக்கில் விதவைகளானோர் ஏறக்குறைய 89,000 பேர் என 2010இல் அரசாங்கத் தரப்பிலேயே கூறப்பட்டது. இவர்களுள் இருபது, முப்பது வயதில் தாலியைக் கழற்றியவர்கள் ஏராளம். சந்தையில் மீன் விற்பதும் பிள்ளைகளைப் படிப்பிப்பதும் நிவாரணத்துக்காகக் கச்சேரிக்கு அலைவதும் இவர்களே. இவர்கள் உழைக்கப் போவதை ஊர் ஏற்றுக்கொண்டது. பொட்டு வைத்துக்கொண்டு போவதற்குத்தான் முகம் சுளித்தது. அதிலும் முதற் பேச்சு அயலிலிருந்து வருவதில்லை. மாமியார், மச்சாள், சிலவேளை பெற்ற தாய் என்று வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது.

எமக்குத் தெரிந்த சகோதரி ஒருவர் தையல் வேலை செய்பவர். ஊரிலுள்ள பெண்களுக்கெல்லாம் நிறநிறமாகத் தைத்துக் கொடுத்துவிட்டு ஆறு வருடங்கள் வெள்ளையும் சாம்பலுமாகத் திரிந்தார். மூத்த மகளின் சாமத்திய வீட்டில் ஆலாத்தி எடுக்க அவரை விடவில்லை. குசினியில் நின்றார். "அம்மா ஏன் வரேல்லை?" என்று பிள்ளை கேட்டது அவருக்குப் பொறுக்கவில்லை.

அவர் ஒரே நாளில் மாறிவிடவில்லை. முதலில் வீட்டுக்குள் மஞ்சள் நிறத்தில் ஒரு சட்டை போட்டார். பிறகு கடைக்குப் போகக் கரும்பச்சைச் சேலை உடுத்தார். பொட்டு வைக்கத்தான் கை நடுங்கியது. கடைசியில் மாதர் சங்கக் கூட்டத்திற்கு அவரைப் போன்ற மூவர் பேசிவைத்துக்கொண்டு, ஒரே நாளில் பொட்டுடன் போனார்கள். "தனியப் போயிருந்தால் படலையடியிலேயே அழிச்சிருப்பன்" என்றார். பஸ்சில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லையாம். அது தனக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது என்று சொல்லிச் சிரித்தார். கோயிலுக்கு அப்படிப் போக மேலும் ஒரு வருடம் சென்றது. மாமியார் இரண்டு மாதம் கதைக்கவில்லை. இளையவளின் சாமத்திய வீட்டில் ஆலாத்தித் தட்டை அவரே எடுத்தார், ஒருவரிடமும் கேட்காமல்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் மனைவியருக்கு இது தலைகீழான பிரச்சினை. அவர் உயிருடன் இருக்கிறார் என்பதற்காகவே பொட்டையும் தாலியையும் விடாமல் வைத்திருக்கிறார்கள். "இன்னும் என்ன பொட்டு?" என்று அவர்களையும் கேட்க ஆட்கள் இருக்கிறார்கள். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்க வழிசெய்தது. காணி, வங்கிக் கணக்கு அலுவல்களுக்கு அது உதவும் என்று தெரிந்தும் பலர் அதை வாங்க மறுத்தார்கள். வாங்கினால் மறுநாளே தாலியைக் கழற்றச் சொல்வார்கள் என்ற பயம் ஒன்று. தானே கணவனைச் சாகடித்ததாகிவிடும் என்ற வேதனை மற்றொன்று. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்த பின்னர், இறந்துவிட்டார் என்று கூறாமல், காணவில்லை என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெற முடிகிறது. அதை வைத்து அலுவல் பார்க்கும் பெண்ணின் நெற்றியில் பொட்டு இருந்தபடியே இருக்கலாம்.