நாடாவில் உறங்கிய இசை

நம் சங்க மலரில் ஆண்டுதோறும் இலக்கியக் கட்டுரைகள் பல வருகின்றன. இம்முறை இசையைப் பற்றி, அதுவும் முதலில் கேட்போர் காதைப் பொத்திக்கொள்ளக்கூடிய ஓர் இசையைப் பற்றி எழுத விரும்புகிறேன். நான் முறையாக இசை பயின்றவன் அல்லன், மின்பொறியியல் மாணவன். என் அறிவுக்கு எட்டியதை, நான் கண்டு மகிழ்ந்ததை, உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்; அவ்வளவே.

சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு. விடுதியில் மின்விசிறி கூட ஓயாமல் முனகிக்கொண்டிருந்தது. என் அறைத் தோழன் குஜராத்தி நண்பன். அவன் தன் கைப்பேசியில் ஏதோ ஒன்றை ஓடவிட்டான். வண்டு ரீங்காரம் போல ஓர் ஒலி எழுந்தது. அது மெல்ல உயர்ந்து விசில் ஆயிற்று. பின்னர்க் கிணற்றில் கல் விழுந்தாற்போல் அடங்கிற்று. "உன் கைப்பேசி பழுதாகிவிட்டதா?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். "இது எந்த நாட்டு இசை, சொல் பார்க்கலாம்" என்றான். ஜெர்மனி என்றேன்; அமெரிக்கா என்றேன். "இல்லை. எங்கள் அகமதாபாத். 1969க்கும் 1972க்கும் இடையில் செய்தது" என்றான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. மறுநாளே நூலகத்தில் தேடத் தொடங்கினேன்.

அகமதாபாத்தில் சாபர்மதி ஆற்றங்கரையில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் இருக்கிறது. அது பிறந்த கதையே சுவையானது. சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதியர் அரசின் அழைப்பின் பேரில் இந்தியாவைச் சுற்றிப் பார்த்து 1958இல் ஓர் அறிக்கை எழுதினர். நாற்காலி வடிவமைப்பில் உலகப் புகழ் பெற்ற அவர்கள், இந்நாட்டில் தங்களைப் பெரிதும் கவர்ந்த பொருளாகக் குறிப்பிட்டது எதனை என்று நினைக்கிறீர்கள்? நம் வீட்டுச் சொம்பை! எவ்வளவு நீர் கொள்ளும், இடுப்பிலோ தலையிலோ எப்படி அமரும், நிறைந்தபோதும் வெறுமையானபோதும் சமநிலை என்ன, நீர் எப்படி வழியும் என்றெல்லாம் கேட்டுக் கேட்டு, பல தலைமுறைகள் சேர்ந்து வடித்த பொருள் அது என்று வியந்தனர். அந்த அறிக்கையை அடியொற்றி 1961இல் நிறுவனம் தோன்றிற்று. கௌதம் சாராபாய், அவர் தங்கை கிரா சாராபாய் ஆகியோர் அதனை வளர்த்தனர்.

அவர்களின் உடன்பிறந்தவரே கீதா சாராபாய் அம்மையார். பெண்கள் தொடத் தயங்கிய பக்கவாஜ் என்னும் தோற்கருவியைப் பயின்றவர். மேலைநாட்டு இசையின் செல்வாக்கால் நம் இசை என்னாகுமோ என்ற கவலையுடன், அந்த இசையை அறிந்துகொள்ள 1946இல் நியூயார்க் சென்றார். அங்கே ஜான் கேஜ் என்னும் இசைப்புலவர் அவருக்கு மேலை இசையைக் கற்பித்தார், கட்டணம் வாங்கவில்லை. அதற்கு ஈடாக அம்மையார் அவருக்கு இந்திய இசையையும் அதன் தத்துவத்தையும் கற்பித்தார். மனத்தை அடக்கி அமைதிப்படுத்துவதே இசையின் பயன் என்று தம் குருவிடம் கேட்டதை அவர் கூற, அது கேஜின் வாழ்வையே திருப்பிற்று. 1952இல் கேஜ் ஓர் உருப்படி இயற்றினார். அதில் பியானோக் கலைஞர் நான்கு நிமிடம் முப்பத்து மூன்று வினாடி ஒரு சுரமும் வாசியாமல் அமர்ந்திருக்க வேண்டும். சூழ இருக்கும் ஓசைகளே இசை. முதன்முதல் அவ்வாறு அமர்ந்திருந்தவர் டேவிட் டியூடர். அதே டியூடர்தான் 1969இல் அகமதாபாத்துக்கு வந்து, அந்நிறுவனத்தில் மின்னிசைக் கூடம் அமைத்துக் கொடுத்தார். புதுமை என்றால் மேற்கிலிருந்து வருவது என்றே எண்ணியிருந்தேன். அது இங்கிருந்து போய்த் திரும்பி வந்த வழியைக் கண்டபோது என் எண்ணம் மாறிற்று.

டியூடர் அங்கே நிறுவியது ராபர்ட் மோக் அமைத்த மின்னிசைக் கருவி. அதன் இயக்கத்தைச் சொல்கிறேன். வீணையில் தந்தி அதிர்கிறது. குடம் அதற்கு நிறம் தருகிறது. விரல் அதன் ஏற்ற இறக்கத்தை ஆள்கிறது. இம்மூன்று வேலைகளையும் இந்தக் கருவியில் மூன்று மின்சுற்றுகள் செய்கின்றன. ஆசிலேட்டர் அதிர்வை எழுப்புகிறது. வடிப்பான் வேண்டாத மேலொலிகளை நீக்கி நிறம் தருகிறது. பெருக்கி ஒலியை எழச் செய்து, நிற்கச் செய்து, தேயச் செய்கிறது. இவற்றைப் பழைய தொலைபேசி நிலையம் போலக் கம்பிகளால் இணைக்க வேண்டும். மின்னழுத்தம் ஒரு வோல்ட் கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி உயரும். அதாவது கீழ் ஸட்ஜம் மேல் ஸட்ஜமாகும். மின்னழுத்தம் படிப்படியாகத்தான் ஏற வேண்டும் என்ற கட்டாயமில்லை, வழுக்கிக்கொண்டும் ஏறலாம். பியானோவின் கட்டைகளில் அகப்படாத வழுக்கல் இங்கே இயல்பாக வருகிறது. நம் கமகத்தை அறிந்த காதுக்கு இது அந்நியம் அன்று என்பது என் கருத்து.

அந்தக் கூடத்தில் கீதா அம்மையாருடன் அதுல் தேசாய், ஐ.எஸ். மாத்தூர், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோரும் உருப்படிகள் செய்தனர். மாத்தூர் தம் படைப்பொன்றுக்கு வைத்த பெயர், 'ஒருகாலத்தில் நான் தம்புரா வாசித்தேன்' என்று பொருள்படும். அந்தப் பெயரில் நகை உண்டு, ஏக்கமும் உண்டு. சில ஆண்டுகளில் கூடம் ஓய்ந்தது. நாடாக்கள் நிறுவனத்தின் காப்பகத்தில் பல்லாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தன. பால் பர்காஸ் என்ற பிரிட்டிஷ் இசைக்கலைஞர் அவற்றைத் தேடி எடுத்துச் செப்பனிட, 2023இல் இசைத்தொகுப்பாக வெளிவந்தன. என் நண்பன் போட்டுக் காட்டியது அதைத்தான்.

அந்த 'கேட்பாரற்று' என்ற சொல் என்னை உறுத்திற்று. எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலும் ஒரு நாடா கிடந்தது. சிங்கப்பூரிலிருந்து 1988இல் வந்த மாமா, புது டேப்ரிக்கார்டரைக் காட்டுவதற்காக அம்மாச்சியைத் தாலாட்டுப் பாடச் சொல்லிப் பதிவு செய்த கேசட். அம்மாச்சி காலமாகி மூன்றாண்டுகள் ஆகின்றன. பொங்கலுக்கு ஊர் சென்றபோது ஆவலோடு அதைப் போட்டேன். கரகரவென்று சுற்றி நின்றுவிட்டது. நாடா சுருண்டு வெளியே வந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் அடுக்களைக்குப் போய்விட்டார்.

நான் பொறியியல் மாணவன். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாடா என்பது மெல்லிய பிளாஸ்டிக்கின்மேல் இரும்பு ஆக்சைடுத் தூளைப் பசையால் ஒட்டியது. காந்தமேறிய அந்தத் தூளில்தான் குரல் இருக்கிறது. ஈரம் பட்டால் பசை பிசுபிசுக்கும், பூஞ்சை பூக்கும். அந்நிலையில் ஓட்டினால் தூள் உரிந்துவிடும். உரிந்த குரல் போனதுதான்.

மதுரையில் பழைய வானொலிகளைப் பழுது பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். "தம்பி, இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்திருந்தீங்கன்னா அவ்வளவுதான். முதல்ல காயட்டும்" என்றார். கூட்டைப் பிரித்து, பூஞ்சையைப் பஞ்சால் துடைத்து, வேறு கூட்டில் மாற்றிச் சுற்றினார். அறுபது நிமிடத்தில் பதினொரு நிமிடம் மீண்டது. ஒரு தாலாட்டு, இன்னொன்றில் பாதி. இடையே அம்மாச்சி பாட்டை நிறுத்தி, "ஓடுதாடா அது?" என்று மாமாவைக் கேட்கிறார். அம்மா அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்.

மற்ற நாற்பத்தொன்பது நிமிடத்தில் என்ன இருந்தது என்பது இனி யாருக்கும் தெரியாது.

ஆகவே, நண்பர்களே, வரும் விடுமுறையில் ஊர் செல்லும்போது அந்த அகமதாபாத் இசையைக் கேட்டுக்கொண்டே செல்லுங்கள். முதல் தடவை பிடிக்காமற் போகலாம். மூன்றாம் தடவை கேளுங்கள். வீடு சேர்ந்ததும் பரணைப் பாருங்கள். கேசட் கிடைத்தால் உடனே ஓட்டாதீர்கள். பூஞ்சை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். சுத்தமாக இருந்தால் ஒரே முறை ஓட்டி, அப்போதே படியெடுத்துக்கொள்ளுங்கள். இல்லையேல் அப்படியே கொண்டுவாருங்கள். நல்ல ஒலிப்பான் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். பெரியவரிடம் வேலையையும் ஓரளவு கற்றுக்கொண்டேன். சங்கக் கூட்டம் முடிந்ததும் என் அறைக்கு வரலாம்.