கடை மூடினாலும் உரிமை மூடாது

உடப்பிலோ கற்பிட்டியிலோ ஒரு குடும்பம் பிள்ளையின் கல்விக்கெனக் கணினி வாங்குகிறது என்று கொள்வோம். சில வாரங்களில் அது பழுதாகிறது. விற்ற கடையும் நொடித்து மூடப்படுகிறது. பணம் போயிற்றென்று கைவிடலாமா? கைவிடலாகாது.

உத்தரவாதம் இருவகைப்படும்: விற்பனையாளர் தந்தது ஒன்று, உற்பத்தியாளர் தந்தது மற்றொன்று. முன்னது கடையோடு தளர்ந்தாலும் பின்னது நிலைக்கும். பற்றுச்சீட்டோடும் கணினியின் தொடரிலக்கத்தோடும் உற்பத்தியாளரின் முகவரை நாடுதல் வேண்டும். கடற்காற்றால் ஏறும் துருவைப் பல உத்தரவாதங்கள் ஏற்பதில்லை என்பதையும் கருதுக.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கும் முறையிடலாம். விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் முறைப்பாட்டை எழுத்தில் அனுப்புதல் வேண்டும்.

விற்றவர் தனி வணிகராயின், கடையை மூடினாலும் கடப்பாடு அவரை விட்டு நீங்காது. வரையறுக்கப்பட்ட கம்பனியாயின், அதன் கணக்கை முடிக்க நியமிக்கப்படுபவரிடம் உரிமை கோரலாம். ஆயினும் அடகு வைத்துக் கடன் கொடுத்தோர் முந்திக்கொள்வர். நுகர்வோருக்கு எஞ்சுவது சிறிதே.

ஆகவே, விலையைப் பேசுமுன் உத்தரவாதம் யாருடையது என்று கேட்பதும், பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துவதும் அறிவுடைமையாகும்.