ஓலைச் சுருணையும் கணினிக் கோப்பும்

திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியிலுள்ள ஆவணக் காப்பகத்தில், பத்மநாபசுவாமி கோயிலைச் சார்ந்த மதிலகம் ஏடுகள் பேணப்பட்டு வருகின்றன. அவற்றிலிருந்து மேற்கோள் காட்டும் ஆய்வாளர், முதலில் சுருணையின் எண்ணையும் பின்னர் ஓலையின் எண்ணையும் குறிப்பர். அங்கே ஓலைச்சுவடி அருங்காட்சியகமும் திறக்கப்பட்டுள்ளது. அந்நகரில் வாழும் தமிழன்பர்கள் ஒருமுறை சென்று காண்பார்களாக.

கணினியின் ஏற்பாடும் இதுவே. சுருணையின் இடத்தில் அடைவு. ஓலையின் இடத்தில் கோப்பு. 1990இல் இதே நகரில் தோன்றிய டெக்னோபார்க்கில் பணிபுரியும் நம் இளைஞர்களுக்கு இது அன்றாடச் செய்தி. கணினி கற்கத் தொடங்கும் மற்றையோர்க்காகச் சிறிது விளக்குவோம்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி 1972 அளவில் உருவாக்கிய சி மொழியின் பொதுத் தரத்தில், அடைவை உண்டாக்கும் கட்டளை இல்லை என்பது வியப்பே. யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் ‘எம்கேடிர்’ என்னும் அழைப்பு அதைச் செய்கிறது. அதனிடம் அடைவின் பெயரையும், யார் யார் அதைத் திறக்கலாம் என்ற உரிமையையும் கூறுகிறோம். வேலை முடிந்தால் சுழியம் விடையாக வரும். முடியாவிடில் கழித்தல் ஒன்று வரும். ஆண்டு அடைவினுள் மாத அடைவு வேண்டுமாயின், ஆண்டு அடைவை முன்னதாக அமைத்தாக வேண்டும். தாயின்றிப் பிள்ளை பிறவாது.

அடுத்து ‘எஃப்ஓப்பன்’ கோப்பைத் திறக்கிறது. இங்கேதான் விழிப்பு வேண்டும். ‘டபிள்யூ’ என்ற எழுத்தைக் கொடுத்துத் திறந்தால், அப்பெயரில் முன்பிருந்த கோப்பின் உள்ளடக்கம் முழுதும் அக்கணமே துடைக்கப்படும். ஓர் எழுத்தும் புதிதாக எழுதாவிடினும் பழையது போயிற்று! ஓராண்டுக் குடும்பக் கணக்கு ஒரே எழுத்தால் அழியக்கூடும். எழுத்தாணியால் கீறிய ஓலைக்கு இவ்வாபத்து இல்லை. பழையதன் இறுதியில் சேர்த்தெழுத ‘ஏ’ என்று கொடுத்தல் வேண்டும்.

‘எஃப்பிரிண்ட்எஃப்’ எழுதும் சொற்கள் உடனே வட்டை அடைவதில்லை. நினைவகத்தில் சற்றுத் தங்குகின்றன. ‘எஃப்குளோஸ்’ என மூடும்போதுதான் எஞ்சியவை நிரலின் கையை விட்டு வெளியேறும். அதற்குமுன் நிரல் முறிந்துபோனால் அவை இழப்பே. வட்டில் இடமில்லை என்ற செய்தியும் சிலபோது மூடுகையில்தான் தெரியவரும். ஆதலின் அதன் விடையையும் சோதித்தல் நன்று.

தமிழிலும் தடையின்றி எழுதலாம். யூடிஎஃப்-8 முறையில் ‘தமிழ்’ என்ற சொல் கோப்பில் 15 பைட்டு இடம் கொள்ளும்.