பழைய எஞ்சின் பிளாக்கைப் பார்த்து வாங்குதல்

சென்ற ஆண்டு நமது தமக்கையின் மைந்தன், கோவையில் ஒரு பழைய இரும்புக் கடையினின்றும் அம்பாஸிடர் எஞ்சின் பிளாக் ஒன்றை வாங்கிவந்து, கல்பாத்தியில் நம் வீட்டுத் திண்ணையில் இறக்கினான். "பாருங்கோ மாமா, புதுசு மாதிரியே இருக்கு" என்றான். பூசிய வர்ணம் பளபளவென்று மின்னியது. அதன் விலைக்காகத் தமக்கையின் வளையல்கள் இரண்டும் அடகுக்கடைக்குப் போயிருந்தன. செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயரால் அமைந்த பந்தயப் பாதையில், தன் கையால் கட்டிய வண்டியை ஒரு நாளேனும் ஓட்டிப் பார்க்க வேண்டுமென்பது அவன் ஆசை. போரிங் பட்டறையில் வர்ணத்தைக் கரைத்ததும், தண்ணீர் சுற்றும் உறையின் பக்கச் சுவரில் ஒரு சாண் நீளம் வெடிப்பு தெரிந்தது. அதைப் பசை கொண்டு அடைத்து, மேலே வர்ணம் பூசியிருந்தார்கள்.

இத்தகைய ஆசை நம் பிள்ளைகளுக்குப் புதிதன்று. சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கம் 1953-இல் தோன்றியபின், சோழவரத்தில் போர்க்காலத்து விமானத் தளமே பல்லாண்டு பந்தயக்களமாக விளங்கியது. ஃபியட், ஹெரால்டு, அம்பாஸிடர் முதலிய வீட்டு வண்டிகளையே திருத்தி அங்கே ஓட்டினார்கள். 1990-இல் இருங்காட்டுக்கோட்டைப் பாதை வந்தது. இன்றும் பழைய வண்டிகளின்மீது மோகங் கொண்டோர் இம்மூன்று எஞ்சின்களைத்தான் தேடி அலைகிறார்கள்.

மூன்றனுள் எது வலியது? ஹெரால்டு 948 சி.சி.; சிறியது. ஃபியட் என்றும் பின்னர் பத்மினி என்றும் வழங்கியது 1089 சி.சி.; துளை 68 மி.மீ., ஓட்டம் 75 மி.மீ. அம்பாஸிடரில் 1959 முதல் வந்தது பி.எம்.சி. வகை 1489 சி.சி.; துளை 73 மி.மீ., ஓட்டம் 88.9 மி.மீ. பெரியதே சிறந்தது என்று நம் மருமான் எண்ணினான்; நாமும் அவ்வாறே எண்ணினோம். ஆனால் ஓட்டம் நீண்டால் பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் அதிக தூரம் பாய வேண்டும். நிமிஷத்துக்கு 5500 சுற்றில் அம்பாஸிடர் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 16 மீட்டருக்கு மேல் போகிறது. பத்மினியினதோ 14 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அன்றியும், அம்பாஸிடரின் கிராங்க் தண்டு மூன்றே பேரிங்குகளில் அமர்ந்துள்ளது. வேகம் ஏற ஏற அது வளைந்து துடிக்கும். இதே வகை எஞ்சினைத்தான் ஆங்கிலேயர் எம்.ஜி.பி. என்னும் விளையாட்டு வண்டிக்கு 1798 சி.சி.யாகப் பெருக்கினர். ஓட்டத்தை மாற்றவில்லை, துளையை அகலமாக்கினர். 1962-இல் மூன்று பேரிங்குகளோடு வெளிவந்ததற்கு 1964-இல் ஐந்து கொடுக்க நேர்ந்தது. ஆகையால் அம்பாஸிடர் பிளாக்கிற்கு நிதான வேகத்தில் இழுவலிமை கேட்கலாம். அதைக் கதறக் கதறச் சுழற்றுவது தகாது.

துளையைப் பெரிதாக்கினால் வலிமை கூடும் என்பர். கணக்குப் போட்டுப் பார்த்தோம் (கணக்குத்தானே நம் தொழில்!). 40 தவுசன் கடைந்தால் 1489 சி.சி. ஏறக்குறைய 1531 ஆகிறது. கிடைப்பது 42 சி.சி.; இழப்பது சிலிண்டர்ச் சுவரின் கனம். முன்பே ஒருமுறை கடைந்த பிளாக்காயின் கேட்கவே வேண்டா. பழைய பிஸ்டன்கள் உள்ளே இருந்தால் அவற்றின் தலையில் 20, 40 என்று பொறித்திருக்கும். அதை முதலில் படிக்க வேண்டும்.

பழமையே குற்றமாகாது. 1983-இல் நெல்சன் பிக்கே பந்தய உலகப் பட்டம் வென்ற வண்டியின் எஞ்சின், பி.எம்.டபிள்யூ. கம்பெனியார் வீதி வண்டிகளுக்கு வார்த்த அதே வகை இரும்புப் பிளாக்கிலிருந்து எழுந்தது. நெடுந்தூரம் ஓடிய பிளாக்குகளையே அவர்கள் விரும்பினர் என்பர். வார்ப்பிரும்பு பல்லாயிரம் முறை காய்ந்து ஆறுகையில், வார்த்தபோது உள்ளே சிக்கிய இழுவிசைகள் தணிந்துபோம் என்பது அதற்குக் காரணம். ஆயின் நம் ஊர்ப் பிளாக்குகளுக்கு வேறொரு பிணி உண்டு. டாக்ஸி ஓட்டியவர்கள் ரேடியேட்டரில் கிணற்று நீரையும் ஆற்று நீரையுமே ஊற்றி வந்தார்கள். உள்ளே துரு அரித்துச் சுவர் மெலிந்திருக்கும். பக்கங்களிலுள்ள வட்டத் தகட்டு அடைப்புகளைப் பெயர்த்து உள்ளே பார்த்தால் அந்தரங்கம் வெளிப்பட்டுவிடும். தேரோட்டத்துக்கு முன் நம் ஊரார் தேரின் அலங்காரத்தையா பார்க்கிறார்கள்? அச்சையல்லவா குனிந்து பார்க்கிறார்கள்!

வெடிப்பைக் காண இரயில்வேப் பட்டறைகளில் அக்காலத்தில் வழங்கிய முறை ஒன்றுண்டு. இன்று அச்சுகளை ஒலியலைக் கருவி கொண்டு சோதிக்கிறார்கள். அதற்கு முன் எண்ணெயும் சுண்ணமுமே கருவி. பிளாக்கை நன்கு கழுவி, மண்ணெண்ணெய் பூசி ஒரு மணி நேரம் ஊறவிட்டு, துளியும் ஈரமின்றித் துடைத்து, சாக்குக்கட்டிப் பொடியை மெல்லப் பூச வேண்டும். வெடிப்பிருந்தால் உள்ளே பதுங்கிய எண்ணெய் பொடியில் கருங்கோடாய்க் கசியும். ஹெட் போல்ட்டுத் துளைகளின் அருகிலும், பேரிங் அமரும் தாங்கிகளிலும் இருமுறை செய்யத் தகும். வர்ணம் பூசிய பிளாக்கில் இது பலிக்காது. வர்ணத்தைச் சுரண்ட விடாத கடைக்காரரிடம் வாங்காதிருப்பதே மேல்.

இன்னொன்று: பிளாக்கில் பொறித்த எண். அது ராவப்பட்டிருந்தால் அந்தப் பிளாக் எவர் வீட்டிலிருந்து வந்ததோ! வீதியிலும் ஓட்டுவதாயின், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவையொட்டி, எஞ்சின் மாற்ற முன்கூட்டியே அனுமதி பெற்று, புதிய எண்ணைப் பதிவுப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும்.

முதல் பிளாக்கை விற்றவர் அதைத் திரும்பப் பெற மறுத்துவிட்டார். இரும்பு விலைக்கு எடைபோட்டுத் தள்ளினோம். இரண்டாவதைத் தேட நமக்கும் மருமானுக்கும் ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. அழுக்கும் எண்ணெயும் அப்பிய, எவரும் திரும்பிப் பாராத பிளாக் அது. துளை ஒருமுறையும் கடையப்படவில்லை. சுண்ணப் பொடி வெண்மை மாறாதிருந்தது. 20 தவுசன் மட்டும் கடையக் கொடுத்திருக்கிறோம். வளையல்கள் இன்னும் மீளவில்லை. தமக்கை அதுபற்றி ஒன்றும் கேட்பதில்லை; பட்டறையிலிருந்து எப்பொழுது வரும் என்று மட்டும் கேட்கிறாள்.