ஒரு கண்ணுக்கு லேசர், மறு கண்ணுக்குக் காத்திருப்பு

1945 ஜூலை 9-ஆம் தேதி ஐரோப்பாவில் தெரிந்த சூரிய கிரகணத்தைப் பார்த்த மருத்துவ மாணவர் ஒருவருக்கு விழித்திரையின் மையம் வெந்துபோனது. அந்தத் தழும்பைப் பரிசோதித்த ஜெர்மானியக் கண் மருத்துவர் கெர்ட் மேயர்-ஷ்விக்கராத்துக்கு வேறொரு யோசனை ஓடியது: வேண்டிய இடத்தில் மட்டும் இப்படிச் சுட முடிந்தால், விழித்திரையில் விழுந்த ஓட்டையை அடைக்கலாமே! ஹாம்பர்க் மருத்துவமனை மொட்டைமாடியில் கண்ணாடிகளைப் பொருத்தி, வெயிலையே நோயாளியின் கண்ணுக்குள் திருப்பினார். மேகம் மறைத்தால் சிகிச்சை நின்றுவிடும். ஹாம்பர்க்கில் மேகத்துக்கா பஞ்சம்? பிறகு செனான் விளக்கு வந்தது. 1960-இல் பிறந்த லேசர் அதன் இடத்தைப் பிடித்தது.

இந்தச் சூடு பெரிதும் கைகொடுத்தது சர்க்கரை நோயாளிகளுக்கு. சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் ஆண்டுகள் ஓடினால் விழித்திரையின் நுண்குழாய்கள் அடைபடும். ஆக்சிஜன் கிடைக்காத திசு, வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரந்து புதுக் குழாய்களை வரவழைக்கும். வருபவை எல்லாம் நோஞ்சான்கள். உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டும். தழும்பாகச் சுருங்கி விழித்திரையையே பிய்த்து இழுக்கும்.

லேசர் அந்தக் குழாய்களைக் குறிவைப்பதில்லை என்பதுதான் விசேஷம். மையத்தை விட்டுவிட்டு, ஓரப் பகுதியெங்கும் அரை மில்லிமீட்டர் அளவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளைச் சுடுகிறார்கள். ஆக்சிஜனை அதிகம் குடிக்கும் ஒளியுணர் செல்கள் அங்கே மடிகின்றன. தண்ணீர் போதாத கோடையில் கடைமடையைக் காயவிட்டு மிச்சப் பயிரைப் பிழைக்கவைக்கும் கணக்கு இது. தேவை குறைய, புரதச் சுரப்பும் குறைய, நோஞ்சான் குழாய்கள் வதங்கிவிடும்.

நல்ல விழித்திரையைச் சுடுவதா என்று சந்தேகப்பட்டவர்களுக்குப் பதில் சொல்ல, இந்த நோய் இரு கண்களையும் பிடிக்கும் என்பதே உதவியது. 1970-களில் அமெரிக்க தேசியக் கண் நிறுவனம் 1,700-க்கும் மேற்பட்ட நோயாளிகளைச் சேர்த்து, சீட்டுக் குலுக்கியதுபோல் ஒரு கண்ணுக்குச் சிகிச்சை அளித்து, மறு கண்ணை அப்படியே விட்டது. ஒரே உடம்பு, ஒரே சர்க்கரை, ஒரே வயது. ஒப்பிட இதைவிடச் சரியான ஜோடி ஏது? சிகிச்சை பெற்ற கண்களில் கடும் பார்வையிழப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. 1976-இல் விதியை மாற்றி, ஆபத்திலிருந்த மறு கண்களுக்கும் லேசர் போட அனுமதித்தார்கள். அதற்குள் சிலருக்கு அந்தக் கண் போயிருந்தது என்பது இந்த ஆய்வின் கசப்பான பகுதி.

லேசருக்கும் விலை உண்டு. பக்கப் பார்வை சுருங்கலாம், இருட்டில் தடுமாற்றம் வரலாம். போன பார்வை திரும்பும் என்று நம்பி வருபவர்கள் ஏமாந்துபோகிறார்கள். இருப்பதைக் காப்பதுதான் இதன் வேலை.

இன்று அந்தப் புரதத்தையே முடக்கும் ஊசிகள் கண்ணுக்குள் போடப்படுகின்றன. பக்கப் பார்வையை அவ்வளவாகக் கெடுக்காதவை. ஆனால் திரும்பத் திரும்பப் போட வேண்டும்; இடையில் வராமல் விட்டால் குழாய்கள் மறுபடி முளைக்கும். ஒருநாள் கூலியை இழந்து பஸ் ஏறி வருபவருக்கு எத்தனை தவணை சாத்தியம்? அவருக்கு ஊசியை மட்டும் நம்புவதைவிட, லேசரையும் சேர்த்துப் போட்டுவிடுவதே பாதுகாப்பு என்பேன்.